மூன்று பேனாக்களில் எழுதிய ஒரு வாரம்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அதன் நான்காவது பக்கத்தில் வியாழன் முதல் புதன் வரை ஏழு நாட்களுக்குக் கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் காலைக்கு ஒரு வரி, மாலைக்கு ஒரு வரி. வியாழனும் வெள்ளியும் நீல மையில் இருக்கின்றன, சனிக்கிழமை கறுப்பு, ஞாயிறு மறுபடி நீலம், திங்களுக்குப் பச்சை. கையெழுத்தும் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். ஒரு நாள் நிமிர்ந்து, ஒரு நாள் சாய்ந்து, ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது போல. பார்க்கிறவர்களுக்கு, பரவாயில்லையே, தினமும் மறக்காமல் எழுதியிருக்கிறாளே என்று தோன்றும். ஏழு நாளையும் நான் எழுதியது ஒரே ராத்திரியில், பதினொன்றரை மணிக்கு மேல், கையெழுத்தைத் துண்டுத் தாளில் பழகிப் பார்த்துவிட்டு. என் தெரபிஸ்ட் கொடுத்த வீட்டுப்பாடம் அது. எனக்கு அப்போது வயது 37.

பள்ளிக்கூடத்தில் இதைச் செய்தால் குறும்பு, வேலையிடத்தில் செய்தால் மோசடி. உதவி வேண்டும் என்று நானே தேடிப் போய், நேரமும் பணமும் கொடுத்து உட்கார்ந்த இடத்தில் செய்ததற்கு என்ன பெயர் என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாரை ஏமாற்றினேன்? அவருக்கு என்ன நஷ்டம்? பெரியவர்களான பிறகு ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காத, சிலரிடம் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) இருப்பது தெரியவந்த பெண்கள் பேசும்போது, டாக்டர் அந்தப் பெயரைச் சொன்ன நாள்தான் பெரும்பாலும் கதையின் உச்சமாக வரும். அழுதேன், நிம்மதியானேன், எல்லாம் புரிந்தது என்பார்கள். நானும் அழுதேன்தான். ஆனால் அந்த நாள் எனக்குள் அவ்வளவாக ஒட்டவில்லை. ஒட்டிக்கொண்டு நிற்பது இந்தப் பேனாக்கள்தான்.

ரொம்ப நல்ல பொண்ணு

எனக்குத் தெரியவந்தது பலருக்கும் நடக்கிற மாதிரியே. அக்கா மகனைப் பற்றிப் பள்ளியிலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது, நிரப்பித் தரச் சொல்லி அக்கா என்னிடம் படித்துக் காட்டினாள். ஐந்தாவது கேள்வியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "இது அவனா, நீயா?" என்று கேட்டாள் அக்கா. சிரித்தோம். அதன்பின் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெரியவர்களைப் பரிசோதிக்கும்போதும் சின்ன வயதைத்தான் முதலில் கிளறுகிறார்கள். இது இடையில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று இல்லை என்பதால், அறிகுறிகளில் சிலவாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின், 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன்னால் இந்த எல்லை 7 வயது. அதே பதிப்பில்தான், கவனக் குறைவுக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கு ஒன்பது என்று இருக்கும் இரண்டு பட்டியல்களில், குழந்தைகளுக்கு ஏதாவது ஒன்றில் ஆறு வேண்டும் என்றால் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும் என்று தளர்த்தினார்கள். ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே உள்ள அந்த ஐந்து வருடம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஏழு வயதில் நான் எதையும் தொலைத்ததாக யாருக்கும் நினைவில்லை, தொலைக்கிற அளவுக்கு என் பொறுப்பில் எதுவும் இருந்ததும் இல்லை. பத்து வயதில் எல்லாம் தெரியத் தொடங்கியது. வீட்டில் மட்டும்.

டாக்டர் என் அனுமதியோடு அம்மாவிடம் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "சின்ன வயசுல இவங்க எப்படிம்மா?" என்று கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை. "அவளா? வாயே திறக்க மாட்டா டாக்டர். ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. நாலு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவா. மத்தபடி ரொம்ப நல்ல பொண்ணு, ஒரு தொந்தரவு கிடையாது." என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்ட திருப்தி அம்மா குரலில் இருந்தது. டாக்டர் "நாலு தடவை" என்பதைக் குறித்துக்கொண்டார்.

பெண் பிள்ளைகள் தப்பிவிடுவது இப்படித்தான். மேசை மேல் ஏறிக் குதிக்கிற பையன் வகுப்பையே கலைக்கிறான், அதனால் யாராவது அவனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஜன்னலைப் பார்க்கிற பெண்ணால் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தைகளில் கண்டறியப்படும் பையன்களின் எண்ணிக்கை பெண்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பதும், பெரியவர்களில் அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைவதும் இதனால் நிறையவே விளங்குகிறது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தைகள் மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். புத்திக்குக் குறைவில்லாத அந்தப் பிள்ளைகளிடம் அவர் கண்ட கோளாறுக்கு வைத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை. பெயர் அதற்குப் பிறகு நாலைந்து முறை மாறிவிட்டது. ஆனால் ஒழுக்கம் என்ற சொல் மட்டும் எங்கள் மேல் இருந்து இறங்கவே இல்லை. சோம்பேறி, பொறுப்பில்லாதவள், மனசு வைத்தால் செய்வாள். மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் நம்மைப் பாராட்டுவதாக நினைத்துச் சொல்கிறார்கள்.

அனுப்பாமல் விட்ட கேள்வித்தாள்

சரி, அந்த ஏழு மாதம். இதைச் சொன்னால் நகைச்சுவை போல இருக்கும். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்காகத் தயாரித்த ஒரு சுயபரிசோதனைக் கேள்வித்தாள் உண்டு, மொத்தம் 18 கேள்விகள். அதன் முதல் கேள்வியே, ஒரு வேலையில் சவாலான பகுதியெல்லாம் முடிந்தபின் கடைசிச் சில்லறை விஷயங்களை முடிக்கச் சிரமப்படுகிறீர்களா என்பதுதான். பதினெட்டுக்கும் நிதானமாகப் பதில் எழுதி, இணைத்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய மெயிலையும் எழுதினேன். அனுப்பவில்லை. டிராஃப்டில் கிடந்தது, பதினொரு வாரம். அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பதிலே போடாத மருத்துவமனையின் மேல் வேறு கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அது ஒரு மறதி என்றால் தெரபிஸ்ட் தேடியது முழு நேர வேலை. போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் மறுபடி செய்ய வேண்டும், அவர்கள் திரும்ப அழைக்கும்போது எதற்காக அழைத்தோம் என்று நினைவிருக்க வேண்டும், பல பக்கப் படிவத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், மூன்று வாரம் தள்ளிக் கொடுத்த நாளை மூன்று வாரமும் தலையில் சுமக்க வேண்டும். திட்டமிடுவது, தொடங்குவது, வரிசைப்படுத்துவது, காலத்தைக் கணக்குப் போடுவது, இவை இல்லை என்றுதானே அங்கே போகிறோம்! கால் உடைந்தவரிடம் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தால் கட்டுப் போடுகிறோம் என்று சொல்வதைப் போன்றது இது. கடைசியில் அக்காதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போன் செய்யவில்லை, எதுவும் சொல்லவில்லை, அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நான்கு இடங்களுக்குப் பேசி முடித்தேன். பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே வேலை நடக்கும் இந்த அதிசயத்துக்கு 'பாடி டபுளிங்' என்று பெயர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. சின்ன வயதில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முதலில் பார்த்த தெரபிஸ்ட் நல்ல மனுஷி, நிறையப் படித்தவர். நான் ஐந்து செஷன் போனேன், ஐந்திலும் தாமதம். நான்காவது முறை அவர் மென்மையாகச் சொன்னார்: "இங்க வர்றதுக்கு உங்க மனசு தயாராகல, அதைத்தான் இந்தத் தாமதம் சொல்லுது." வேறு ஒருவருக்கு அது சரியான வாசிப்பாகக்கூட இருந்திருக்கும். எனக்கோ, எனக்குப் பிடித்த ஒரே ஒரு மணி நேரத்துக்கே நான் தாமதமாகத்தான் போவேன். காலம் எனக்கு இரண்டே வகை, இப்போது, இப்போது இல்லை. 'பத்து நிமிடத்தில்' என்பதும் 'மூன்று மணி நேரத்தில்' என்பதும் இரண்டாவது டப்பாவுக்குள் ஒன்றாகக் கிடக்கும். இதை அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு, ஆமாம், என் மனம்தான் தயாரில்லை போல என்று நானும் நம்பிக்கொண்டு வந்தேன். ஆறாவது செஷனுக்குப் போகவில்லை.

இரண்டாமவர் என் பதற்றத்தைப் பார்த்தார். பதற்றம் இருந்தது, பொய் இல்லை. எதையாவது மறந்துவிட்டோமா என்று முப்பது வருடம் பயந்துகொண்டே இருந்தால் பதற்றம் வராமல் என்ன வரும்? தினமும் மனதில் ஓடுவதை எழுதி வரச் சொல்லிக் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார். அதில்தான் பேனா வித்தை ஆரம்பம். இரண்டு பேனாதான் அப்போது. அவர் பார்த்துவிட்டு, "எவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்கீங்க! உங்களுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்குன்னு சொன்னா நம்பவே முடியல" என்றார். அந்தப் பாராட்டைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. இனி நான் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னால் பொய்க்காரி. சொல்லாவிட்டால் எனக்குச் சிகிச்சையே தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து, வேலை அதிகம் என்று செய்தி அனுப்பி நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம்

மூன்றாமவரை டாக்டரே பரிந்துரைத்தார். இவரும் நோட்டும் கட்டமும்தான் கொடுத்தார். நானும் செவ்வாய் ராத்திரி உட்கார்ந்தேன். முந்தைய அனுபவத்தில் தேறியிருந்ததால் பேனா மூன்றாகிவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் செஷன். பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் நோட்டை வாங்கி மெதுவாகப் படித்தார். பக்கத்தின் அடியில் வந்து நின்றார். அவர் முகத்தில் கோபமோ ஆச்சரியமோ இல்லை, ஏதோ ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புதன் சாயங்காலம் கொஞ்சம் சோர்வா இருந்தாலும் சமாளிச்சுட்டீங்க போல."

"ஆமா மேடம்."

"இன்னும் சாயங்காலம் ஆகலையே."

அவ்வளவுதான். மாட்டிக்கொண்டேன். எழுதுகிற வேகத்தில் கட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறேன், வராத சாயங்காலத்தையும் சேர்த்து. காது மடல் சுட்டது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று பையைத் தேடினேன், பை மடியிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், எனக்கு மிக நன்றாக வரும் வேலை அது, சின்ன வயதிலிருந்து பழகியது. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மூணு பேனாவையும் தேடி எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

யோசித்தேன். கறுப்பு கைப்பையில் இருந்தது. நீலம் சோபாவுக்கு அடியில். பச்சைக்காக அலமாரி முழுக்கக் கலைத்தேன், நடுவில் ஒரு பழைய ஆல்பம் கிடைத்து அதையும் பார்த்துவிட்டு வந்தேன். "முக்கால் மணி நேரம் இருக்கும்," என்றேன். "எழுத?" "இருபது நிமிஷம்." "அப்ப தினம் மூணு நிமிஷ வேலைதான் இது. அதைச் செய்ய முடியாம, அதைச் செஞ்ச மாதிரி காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல உழைச்சிருக்கீங்க. நீங்க சோம்பேறின்னு யாரு சொன்னது?"

நான் அப்போது அழவில்லை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் அடக்க முடியாத சிரிப்பு. அவரும் சிரித்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, கட்டத்தை ஒதுக்கிவிட்டு, இதே போல இன்னும் எங்கெங்கே செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கூட்டத்தில் கவனிக்காததைக் கவனித்ததாகக் காட்ட, அன்று ராத்திரியே பதிவை இரண்டு முறை கேட்பது. பிறந்தநாளை மறந்துவிட்டு, பரிசு தயாராக இருந்தது, கூரியர்தான் தாமதம் என்று சொல்லி, அந்தப் பொய்க்கு ஏற்றபடி பரிசைத் தேடி வாங்குவது. யாராவது வருகிறார்கள் என்றால் எல்லாவற்றையும் ஓர் அறைக்குள் அடைத்துப் பூட்டுவது. தாள் நிரம்பிவிட்டது. என் வாழ்க்கையில் நான் செய்த வேலையில் பாதி, வேலை செய்கிற ஒருத்தியைப் போலத் தெரிவதற்காகச் செய்த வேலை. அம்மா சொன்ன நல்ல பொண்ணுக்கு மூன்று ஷிஃப்ட்.

முன் இருவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது, அவர்கள் கவனிக்கவில்லை என்று. அன்று அது கொஞ்சம் தளர்ந்தது. நான் காட்டியதைத்தானே அவர்கள் பார்த்தார்கள்? முழுக்க இல்லை, கொஞ்சம் தளர்ந்தது. ஒருத்தியின் வேஷம் இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே, ஏன் என்று கேட்பதும் அவர்கள் வேலைதான் என்று இன்னமும் நினைக்கிறேன்.

காலிக் கட்டங்கள்

அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்தை வீட்டில் செய்வதை நிறுத்திவிட்டோம். செஷனின் முதல் பத்து நிமிடம் அதற்கு, அவர் எதிரிலேயே, அவர் தன் குறிப்புகளை எழுதிக்கொண்டிருப்பார். நோட்டில் எழுதாத நாளை எழுதாமலே கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தம். காலிக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அன்று என்ன நடந்தது என்று தேடுவோம், அதில் கிடைத்ததுதான் நிறைய. உதாரணமாக, மாதத்தில் ஒரே சமயத்தில் நான்கைந்து காலி நாட்கள் சேர்ந்து வருவதைக் கண்டுபிடித்தோம், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் அவை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்கும்போது, மூளையில் கவனத்துக்கு உதவும் டோபமைனின் வேலையும் பாதிக்கப்படும் என்று டாக்டர் விளக்கினார். பேனா வித்தையைத் தொடர்ந்திருந்தால் அந்தக் கட்டங்களும் பச்சையில் நிரம்பியிருக்கும்.

பெரியவர்களின் ஏ.டி.ஹெச்.டி.க்கு என்றே சி.பி.டி.யை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சையை, மாற்றி அமைத்திருக்கிறார்கள் என்பதும் இவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பாஸ்டனில் ஸ்டீவன் சாஃப்ரன் குழு, மருந்து எடுத்தும் அறிகுறிகள் மிச்சமிருந்த 86 பேரிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டது. பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சை, மீதிப் பேருக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சியும் அறிவுரையும், இருதரப்புக்கும் 12 செஷன். சிகிச்சை பெற்றவர்களிடம் முன்னேற்றம் அதிகம். அதில் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவது குறைவு, காலண்டரும் பட்டியலும்தான் அதிகம். முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை துக்கத்தோடு வந்திருக்கிறேன், காலண்டரைப் பற்றிப் பேசுகிறார்களே என்று. துக்கம் அந்தக் காலண்டருக்குள்தான் ஒளிந்திருந்தது என்பது, மூன்றாவது வாரம் ஒரு நாளைத் தவறாகக் குறித்துவிட்டு அரை மணி நேரம் அழுதபோது புரிந்தது.

மருந்தும் எடுக்கிறேன், மீதைல்ஃபெனிடேட். ஒரு கொசுறு: 1944-இல் இதை உருவாக்கிய வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் தன் மனைவி ரீட்டாவின் பெயரால்தான் ரிட்டாலின் என்று பெயர் வைத்தார், அந்த அம்மாள் டென்னிஸ் ஆடும் முன் இதைப் போட்டுக்கொள்வாராம். இத்தனை காலம் சின்னப் பையன்களின் மாத்திரை என்று பேர் வாங்கிய ஒன்று ஒரு பெண்ணின் பெயரில் இருந்து வந்ததை நினைத்தால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மாத்திரை போட்ட நாட்களில் தலைக்குள் ஓடும் ஐந்தாறு ரேடியோக்களில் நாலு அணைகிறது. ஆனால் எதைக் கேட்பது என்று அது சொல்வதில்லை. முதல் வாரம் அந்த அமைதியில் நான்கு மணி நேரம் மெயில்களைக் கோப்புறைகளாகப் பிரித்தேன், அனுப்ப வேண்டிய ஒன்றை மட்டும் அனுப்பவில்லை.

தெரபிஸ்ட் தேடுகிற தோழிகள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், எப்படித் தெரிந்துகொள்வது என்று. பட்டம், அனுபவம் எல்லாம் பாருங்கள், பெரியவர்களின் ஏ.டி.ஹெச்.டி.யோடு வேலை செய்திருக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நானாக இருந்தால் முதல் நாளே இன்னொன்றும் கேட்பேன்: "நீங்க கொடுக்கிற வேலைய நான் செய்யாம வந்தா என்ன செய்வீங்க?" இதற்கு, முயற்சி உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்ற வகையில் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அப்புறம், போன் செய்யும்போது யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் தாமதமாகத்தான் போகிறேன், குறைவாக. கடந்த புதன்கிழமை ஆறு நிமிடம். நோட்டில் வெள்ளி, சனி, திங்கள் காலி. "சனிக்கிழமை என்னாச்சு?" என்றார். "தெரியல மேடம், நோட்டு ஞாபகமே வரல." "சரி" என்று வட்டம் போட்டார். ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகு நோட்டை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பி ஏறினேன். அடுத்த ஆளோடு உள்ளே போய்விட்டிருந்தார், நோட்டைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் வைத்திருந்தார். அதன் மேல் ஒரு பச்சைப் பேனா. அதுவும் என்னுடையதுதான், எப்போது அங்கே விட்டேன் என்று தெரியவில்லை.